மாமாவின் பழுப்புப் போர்வை தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், தங்கள் மகள், தங்கள் பேத்தி மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆகவே நலம். தங்கள் முழங்கால் வலி, சமையலறையில் ஒழுகுகிற குழாய், படியில் படுத்துக்கொண்டு நகர மறுக்கும் அந்தப் பூனை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் "சாப்டீங்களா?", "ஆச்சு, நீங்க?", "ஆச்சு" என்பதைத் தாண்டிப் போனதில்லை. அதற்குப் பிறகு தாங்கள் மகளிடம் கொடுக்கச் சொல்வீர்கள், நானும் நிம்மதியாகக் கொடுத்துவிடுவேன். தாங்கள் இங்கிருந்து கிளம்பிய நாளிலிருந்து என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதும் இல்லை. ஆகவே கடிதம்.

இதன் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்களைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை. கோபித்துக்கொண்டு போன மாமனாரைக் கெஞ்சிக் கூப்பிடுகிற மாப்பிள்ளை நானில்லை, கூப்பிட்டதும் வந்துவிடுகிற மாமனாரும் தாங்களில்லை. தங்கள் பழுப்புப் போர்வையை மட்டும் பார்சலில் அனுப்பினால் போதும். ஏன் என்பதைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். நடந்ததில் பலவற்றைத் தாங்களும் பார்த்தவர்தான் என்றாலும், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

வாண்டு என்று நாம் எல்லோரும் கூப்பிடுகிற அந்த இரண்டரை வயது, பிறந்ததிலிருந்தே தூக்கத்தைத் தன் எதிரியாகக் கருதிவந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கண் சொக்கும், நின்றால் விழித்துக்கொள்ளும். நான் இந்த வீட்டுக்குள் நடந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் தங்கள் ஊருக்கே வந்து சேர்ந்திருப்பேன். கடைசியில் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் வாண்டுவைச் சோதிக்கவே இல்லை. எங்கள் இருவர் முகத்தையும் மட்டும் ஒரு நிமிடம் பார்த்தார். "தூக்கமும் ஒரு பழக்கம்தாங்க. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. வெந்நீர்ல உடம்பு துடைச்சு விடுங்க, பல் தேய்ங்க, ஒரு கதை சொல்லுங்க, வெளிச்சத்தைக் குறைச்சு, முழிச்சிருக்கும்போதே படுக்கையில விட்டுடுங்க. டிவி, போன் எதுவும் பக்கத்துல வேணாம். கொஞ்ச நாள் மாத்தாம செஞ்சா, அடுத்தது என்னன்னு குழந்தைக்கே தெரிஞ்சிடும்" என்றார். கடைசியாக, "வரிசை சின்னதா இருக்கட்டும்" என்றும் சொன்னாராம். அது தங்கள் மகள் காதில் விழுந்திருக்கிறது. நான் அதற்குள் மனசுக்குள் வரைபடம் போடத் தொடங்கிவிட்டேன்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். "மாப்ளைக்கு மேலயும் கீழயும் போற வேலை" என்று தாங்கள் உறவினர்களிடம் சொல்லிவருவது எனக்கும் தெரியும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட்டைச் சோதிக்கும்போது கீழே குழியில் தொடங்கி, ஒவ்வொரு தளத்துக் கதவாகப் பார்த்துக்கொண்டே போய், உச்சியில் மோட்டார் அறையில் முடிப்போம். நடுவில் ஒரு கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால், அதைச் சரிசெய்துவிட்டு அங்கிருந்தே தொடர மாட்டோம். மறுபடி குழியில் இறங்குவோம். இந்த விதியால்தான் நான் கைவைத்த லிஃப்ட் எதுவும் அதுவரை யாரையும் நடுவழியில் நிறுத்தியதில்லை. அவ்வளவு நல்ல விதியைத் தொழிலுக்கு மட்டும் வைத்துக்கொள்வானேன் என்று வீட்டுக்கும் கொண்டுவந்தேன். "ஒண்ணு விட்டா?" என்று நான் கேட்பேன். "மொதல்ல இருந்து!" என்பாள் வாண்டு. அவள் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சே அதுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு முதலில் தண்ணீர் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

கொஞ்ச நாள் மருத்துவர் சொன்னபடியே நடந்தது. வாண்டு எட்டு மணிக்குத் தூங்கினாள், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து இனி என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு நாள் பல் தேய்த்து முடித்ததும், அவள் பிரஷ்ஷைப் பார்த்து "பிரஷ், தூங்கு" என்றாள். நாங்கள் இருவரும் உருகிப்போனோம். உருகியிருக்கக் கூடாது. மறுநாள் சோப்பும் தூங்கியது. அதற்கடுத்து வாளி, குவளை, குளியலறைக் கதவு, செருப்புகள், அதிலும் இடது தனி, வலது தனி. தூங்குகிற பொருள் அசையக் கூடாது என்பது அவள் சட்டம். ஃபேன் தூங்க வேண்டுமானால் நிற்க வேண்டும், ஆகவே அதை நிறுத்திவிட்டு இறக்கைகள் ஓய்கிறவரை மூன்று பேரும் வியர்வையில் அண்ணாந்து நின்றோம். வாஷிங் மெஷின் தூங்கியபோது அதற்குள் என் வேலைச் சட்டைகள் நுரையோடு தூங்கின. ஒரு கொசுவுக்கும் சொல்லிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்காத ஒரே ஜீவன் அதுதான். நடுவில் எதையாவது விட்டுவிட்டால், யாராவது தும்மினால், காலிங் பெல் அடித்தால், முதலிலிருந்து. எட்டு மணித் தூக்கத்துக்குப் பொழுது சாயும்போதே கிளம்ப வேண்டியதாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காவது இருட்டினால் தூங்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான், எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த இடத்தில் புதியது வந்து நின்றது. மாலையில் வாண்டு அதன் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "இது வேற" என்றாள். "புதுசுடா கண்ணு" என்றேன். "பழசு தூங்கல" என்றாள். அவ்வளவுதான். பல் தேய்த்த வாயோடு அவளைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனேன். சைக்கிள் சக்கரங்களுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவில் நின்றிருந்த ஃபிரிட்ஜிடம் அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். திரும்பி வந்ததும் கால் அழுக்காகிவிட்டதால் குளியலிலிருந்து ஆரம்பித்தோம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். கடைக்காரர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இதை உடைச்சு எடைக்குப் போடணும். தினம் பாப்பா வந்து தூங்க வச்சிட்டுப் போகுது. தூங்குறதப் போய் எப்படி சார் உடைக்கிறது?" என்றார். 

அப்போதுதான் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். அத்தை இல்லாத வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்கள் என்று தங்கள் மகள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு மனமிரங்கி வந்தீர்கள். வந்த அன்று மாலையே வாண்டு தங்கள் விரலைப் பிடித்து அழைத்துப்போய் இரும்புக் கடையில் அறிமுகம் செய்துவைத்தாள். தாங்கள் அந்த ஃபிரிட்ஜைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதன் கதவைத் திறந்து மூடினீர்கள். "கதவு நல்லாத்தான இருக்கு" என்றீர்கள். இரவுச் சாப்பாட்டின்போதும் அதையே இன்னொரு முறை சொன்னீர்கள், தட்டைப் பார்த்து.

அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர். அடுத்த நாள் நாங்கள் போனபோது ஃபிரிட்ஜின் மேல் தார்பாலினைப் போர்த்திவைத்திருந்தார். விரலை உதட்டில் வைத்து, "பாப்பா, இது நல்லா தூங்கிடுச்சு. இனிமே எழுப்பக் கூடாது" என்றார். வாண்டு தானும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியே வந்தாள். நன்றாகத் தூங்கிவிட்டவர்களை அவள் தொந்தரவு செய்வதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜுக்கு விடுதலை கிடைத்தது. வரிசையில் காலியான அந்த இடத்துக்குத் தாங்கள் வந்தீர்கள்.

இதில் என் பங்கு எதுவும் இல்லை. முன்னறைக் கட்டிலுக்கு எதிரே வந்து நின்று "தாத்தா, தூங்கு" என்றவள் அவள். செய்தி பார்த்துக்கொண்டிருந்த தாங்கள்தான் டிவியை அணைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழுப்புப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தீர்கள். தாங்கள் மறுத்திருக்கலாம். தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பது பெரியவர்கள் வாக்கு. அந்தப் பெரியவர்களுக்கு வாண்டுவைத் தெரியாது. அவள் போன ஐந்தாம் நிமிடம் திரும்பி வந்து பார்ப்பாள் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. சமையலறையில் பிஸ்கட் டப்பாவோடு தங்களைப் பிடித்தாள். வாயில் ஒன்று, கையில் ஒன்று. "தாத்தா தூங்கல! மொதல்ல இருந்து!" அன்று தங்களுக்கும் சேர்த்துப் பல் தேய்த்துவிட்டாள். பல்செட்டைக் கழற்றிக் கொடுத்து வேலையைச் சுலபமாக்கினீர்கள் என்று தங்கள் மகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை பத்திரிகை அச்சகத்தில் இரவு வேலையே பார்த்தவர் தாங்கள். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது படுத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் மசியாதவர். அப்படிப்பட்ட தாங்கள், ஒரு பொடிசு வந்து போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனதும், மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, உண்மையாகவே தூங்கிவிட்டீர்கள். மருத்துவரின் வரிசை இந்த வீட்டில் ஒருவருக்கு முழுசாகப் பலித்தது என்றால் அது தங்களுக்குத்தான்.

தூங்கியது சரி. அந்தக் குறட்டையைப் பற்றி ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், அது தேய்ந்துபோன பேரிங்கின் சத்தம். தொடங்கும்போது மெல்லத் தொடங்கும், உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், பிறகு தடதடவென்று கீழே இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வாண்டு எழுந்து உட்கார்ந்தாள். "தாத்தா பேசறார். தூங்கல" என்றாள். நன்றாகத் தூங்குகிறார் என்று எவ்வளவோ சொன்னோம். ஃபிரிட்ஜ் தூங்கியபோது இந்தச் சத்தம் வரவில்லையே என்ற அவள் வாதத்தில் நியாயம் இருந்தது. தினமும் தங்களைத் தூங்கவைத்துவிட்டு அவள் படுப்பாள், தாங்கள் குறட்டை விட்டு அவளை எழுப்புவீர்கள், அவள் வந்து தங்களை எழுப்பித் தூங்கச் சொல்வாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்றால், எங்கள் வீட்டுப் பூதம் நெற்றியில் தட்டிக் கொடுத்தால்தான் தூங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பகல் முழுக்க ஒரு லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு கிடந்துவிட்டு வந்தவன். எத்தனையாவது தடவையோ "மொதல்ல இருந்து" என்று கேட்டதும் முன்னறைக்கு வந்து, தங்களை உலுக்கி எழுப்பி, "மாமா, உங்களாலதான் இந்த வீட்ல ஒரு குழந்தை தூங்க முடியல!" என்று கத்திவிட்டேன். அது உண்மைதான். உண்மையைக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை என்பது பிறகு தெரிந்தது. நீங்களும் சும்மா விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, "மாப்ள, ரெண்டு பொண்ணுங்களத் தூங்க வச்சு வளத்தவன் நான். வரிசையும் போட்டதில்ல, வாளிக்குத் தாலாட்டும் பாடினதில்ல" என்றீர்கள். அதோடு முடிந்திருக்கும். வாயில் பிரஷ்ஷோடு கதவருகில் நின்றிருந்த உங்கள் மகள் அதை வெளியே எடுத்துவிட்டு, "அப்பா, நீங்க எங்கள ஒரு நாளும் தூங்க வச்சதில்ல. நாங்கதான் உங்களத் தூங்க வச்சோம்" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை மாமா. லீவு நாட்களில் பகல் முழுக்க அக்காவும் தங்கையும் வாசற்படியில் உட்கார்ந்து, கூவி விற்றுக்கொண்டு வருகிறவர்களைக் கையைக் காட்டி நிறுத்துவார்களாம். வீட்டுக்குள் சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பார்களாம். உள்ளே அந்தப் பழுப்புப் போர்வை அசையாமல் இருந்தால் அப்பா தூங்குகிறார் என்று அர்த்தமாம். இதையெல்லாம் நீங்கள் போன பிறகு அவள்தான் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அன்று நீங்கள் கட்டிலை விட்டு இறங்கினீர்கள். போர்வையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். விடிந்ததும் வாண்டு எழுவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டீர்கள்.

இனி தற்போதைய நிலவரம். வாண்டு மாலையில் முன்னறைக்கு வருகிறாள். காலிக் கட்டிலைப் பார்க்கிறாள். "தாத்தா எங்க?" "ஊருக்குப் போயிட்டார்." "தூங்கிட்டாரா?" இதற்கு மேல் வரிசை நகர்வதில்லை. தலையணைகளை அடுக்கி அதன்மேல் என் போர்வையைப் போர்த்திவைத்தேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இது தலகாணி" என்று தீர்ப்புச் சொன்னாள். உங்கள் போட்டோவைப் போனில் காட்டினேன். போனைப் படுக்கவைத்துப் போர்த்தினாள், தட்டிக் கொடுத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, பத்தாவது மாடியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று என் மேனேஜர் கூப்பிட, போர்வைக்குள் தாத்தா அலறினார். முதலிலிருந்து. கடைசி முயற்சியாக நானே அங்கே போய்ப் படுத்துக் குறட்டைகூட விட்டேன். "அப்பா, எந்திரி. இது தாத்தா இடம்" என்றாள். இதனால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. போன வாரம், நான் கைவைத்த லிஃப்ட் ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றது. உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். திறந்து பார்த்தவர்கள் நான் மூலையில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, குழந்தையின் நலன் கருதியும் லிஃப்ட்களின் நலன் கருதியும், அந்தப் பழுப்புப் போர்வையை மட்டும் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைப் பார்த்தால் வாண்டு நம்பிவிடுவாள். மற்றபடி தாங்கள் சிரமப்பட்டுப் பயணம் செய்யத் தேவையில்லை. இங்கே எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தங்கள் பக்கத்துத் தெருவிலிருக்கும் சின்னவளுக்கும் சகலைக்கும் என் அன்பு. பூனையை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும் என்று விரும்பி, தங்கள் ஆசிகளை அது எந்த மனநிலையில் வந்தாலும் ஏற்கக் காத்திருக்கும்,

மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுசாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி. எதுக்குப் பாவம் வாண்டு பேர்ல எழுதியிருக்கீங்க?" என்றாள். அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. தற்போதைய நிலவரம் என்று மேலே எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் லிஃப்ட் நின்றதைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் போன அன்று ஒரே ஒரு மாலையில் நடந்தது. மறுநாள் உங்கள் மகள் வாண்டுவிடம், "தாத்தா அவர் வீட்ல நல்லா தூங்கிட்டார்" என்று சொன்னாள். வாண்டு விரலை உதட்டில் வைத்தாள், நுனிக்காலில் நடந்து போனாள், படுத்தாள், தூங்கினாள். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள். வாளி, செருப்பு எல்லாவற்றையும்கூட மறந்துவிட்டாள். ஆனால் நீங்கள் மறுபடி விடிய விடிய பூனையோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சின்னவள் போனில் சொன்னாள். அது வாண்டுவுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அவள் தூங்கிய பிறகு, விளக்கை அணைக்கப் போகிற சாக்கில் நான் முன்னறையை எட்டிப் பார்க்கிறேன். கட்டில் காலியாக இருக்கிறது. விதி என்னுடையதுதானே, திரும்பிப் போய்ப் பல் தேய்ப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நேற்று அப்படி இரண்டாம் முறை தேய்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் உங்கள் மகளும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.  போர்வையைப் பார்சலில் அனுப்ப வேண்டாம் மாமா. நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் தூங்குங்கள். பஸ் ஏறியதும் என் எண்ணுக்கே போன் செய்யுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன்.